யுத்த லாரியும் நம்ம ஊரும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "உன் லாரிக் கதையை எழுதுடா. ஆனா வரலாறா எழுது, கிரீஸ் கறையோட எழுதாதே" என்று உத்தரவு. கிரீஸ் இல்லாமல் லாரியின் வரலாற்றை எழுத முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஸ்மித்தியிலும் ஃபிட்டிங்கிலும் என்னோடு சேர்ந்து கை காய்த்துப்போன 1975ஆம் ஆண்டு மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

நம் பக்கத்து மக்களுக்கு முதல் உலகப் போர் என்றால் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய அந்த ஜெர்மன் கப்பலின் பெயரை இன்றும் விடவில்லை. பலே ஆளைப் பார்த்தால் "அவன் எம்டன்பா" என்கிறோம். இரண்டாம் உலகப் போர் நம் பேச்சில் அப்படி ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போகவில்லை. அது விட்டுவிட்டுப் போனது லாரிகளை.

அந்தப் போர் நம் ஊரை நேரடியாகத் தொடவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உளுந்தூர்பேட்டையில் அன்றைய அரசு விமான தளம் அமைத்தது நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான். (1993ல் மாவட்டம் பிரிந்தபோது அது விழுப்புரத்துக்குப் போய், 2019 முதல் கள்ளக்குறிச்சியில் இருக்கிறது.) 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும், திருகோணமலையிலும், விசாகப்பட்டினத்திலும், காக்கிநாடாவிலும் குண்டு போட்டான். சென்னை நகரமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. அதற்கு முன்பே, 1941ல், பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. மலேயா விழுந்ததும் ரப்பரும் போயிற்று. பஸ் முதலாளிகள் என்ன செய்வார்கள்? பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளையை மாட்டி, அதில் அடுப்புக் கரியை எரித்து, அந்த வாயுவில் என்ஜினை ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். கம்பெனியே இத்தகைய கேஸ் பிளாண்ட்டைத் தயாரித்து விற்றது. காலையில் கிளீனர் பையன் விசிறிச் சக்கரத்தைச் சுற்று சுற்று என்று சுற்றி, கரி கனன்ற பிறகுதான் வண்டி கிளம்பும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். என் பெரியப்பா "டிக்கெட்டுக்குக் காசும் குடுத்து வண்டியையும் தள்ளுவோம்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிக்காத ஒன்றும் உண்டு. அந்த வாயுவில் பெரும் பங்கு கார்பன் மோனாக்ஸைடு.

ஊர் இப்படிக் கரியில் இழுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் ராணுவத்தின் கையில் புத்தம் புது பெட்ரோல் லாரிகள் இருந்தன. அவற்றில் ஏராளமானவை கனடாவிலிருந்து வந்தவை. 1937லேயே பிரிட்டிஷ் யுத்த இலாகா கனடாவின் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிகளோடு பேச ஆரம்பித்துவிட்டது. போர் முடிவதற்குள், ஒன்றேகால் கோடிக்கும் குறைவான மக்கள் இருந்த அந்த நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்து அனுப்பியது. அதில் சுமார் பாதி 'கனேடியன் மிலிட்டரி பேட்டர்ன்' என்று பெயர் பெற்ற ஒரே மாதிரி அமைப்பு. ஃபோர்டு விண்ட்ஸரிலும் செவர்லே ஓஷாவாவிலும் தனித்தனியாகச் செய்தாலும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும். உதிரிகளாகப் பெட்டியில் கட்டிக் கப்பலில் வந்தவற்றை இந்தியாவிலேயே பூட்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1928 முதல் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை இருந்தது.

இந்த வண்டியை ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான். சாதாரண லாரிக்கு அந்தக் காலத்தில் நீண்ட மூக்கு உண்டு. இதற்கு மூக்கே கிடையாது. யாரோ முகத்தில் குத்திவிட்டது போலத் தட்டை. சின்ன வயதில் நாங்கள் வைத்த பெயர் சப்பை மூக்கு லாரி. கப்பலில் இடம் மிச்சம், பின்னால் சரக்குக்கு இடம் அதிகம் என்பதற்காக மூக்கைச் சுருக்கினார்கள். விளைவு, என்ஜின் டிரைவரின் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பர்மா வெயிலில் அந்த மூடியின் மேல் தோசையே வார்க்கலாம். 1942 வாக்கில் வந்த மாடல்களில் முன் கண்ணாடி கீழிருந்து மேலாக முன்பக்கம் சாய்ந்திருக்கும். மேலே பறக்கும் எதிரி விமானத்துக்குக் கண்ணாடியின் பளபளப்பு தெரியக் கூடாது என்ற யோசனை. எழுபது ஆண்டுகள் கழித்து அந்தக் கண்ணாடியின் ரப்பர் பீடிங்கை மாட்டும்போது, அந்த யோசனை செய்த மகானை நான் வாழ்த்தவில்லை.

எங்கள் வண்டி செவர்லே சி-15-ஏ. சி என்றால் செவர்லே, 15 என்றால் பதினைந்து ஹண்டர்ட்வெயிட், அதாவது சுமார் 760 கிலோ எடை ஏற்றலாம். நாலு சக்கரமும் இழுக்கும். ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம், 85 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின். ஆறு வோல்ட் மின்சாரம். நாலு கியர்; டபுள் கிளச் அடிக்காவிட்டால் பல் நறநறவென்று கத்தும்.

'எங்கள் வண்டி' என்று உரிமையோடு எழுதுகிறேன். உண்மையில் அது நம் பண்ருட்டி நண்பனின் அப்பா வண்டி.

அவர் போர்க்காலத்தில் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவர். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாமல் சேர்ந்தவர். திமாப்பூரிலிருந்து கோஹிமா வழியாக இம்பால் போகும் மலைப்பாதையில் 1944ல் அரிசியும் குண்டும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம், மழைக்காலத்தில் நடுவில் சேறு. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை என்கிறான் மகன். "அங்க ஓட்டினவனுக்குச் சேத்தியாத்தோப்பு ரோடு எல்லாம் ராஜபாட்டை" என்பார், அவ்வளவுதான்.

போர் முடிந்ததும் அரசாங்கத்துக்கு ஒரு தலைவலி. நாடு முழுவதும் கிடங்குகளிலும் மைதானங்களிலும் வண்டிகள் குவிந்து கிடந்தன. 1946ல் அமெரிக்கா இங்கே குவித்து வைத்திருந்த தன் தளவாடங்களை மொத்தமாக இந்திய அரசிடமே விற்றுவிட்டுப் போனது. இதற்கென்றே டிஸ்போசல்ஸ் என்று ஒரு தனி இலாகா. 'டிஸ்போசல் வண்டி' என்ற வார்த்தை அப்படித்தான் பட்டறைகளில் புகுந்தது. சென்னை மாகாணத்தில் முன்னாள் படைவீரர்கள் கூட்டுறவு மோட்டார் சங்கங்கள் அமைத்துப் பிழைத்தார்கள். சொந்தமாக வாங்கியவர்களும் உண்டு. நண்பனின் அப்பா இன்னும் இருவரோடு பங்கு போட்டு, 1948ல் இந்தச் செவர்லேயை வாங்கி வந்தார்.

பச்சை வண்டி நீலமாயிற்று. கித்தான் போய் மரப் பலகைப் பாடி வந்தது. கடலூர் முதுநகரிலிருந்து கருவாடு, பண்ருட்டியிலிருந்து பலாவும் முந்திரியும், சிதம்பரம் தேர்த் திருவிழா என்றால் ஆட்கள். 760 கிலோ என்று ஓஷாவாவில் எழுதி அனுப்பியதை இங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கமான் பட்டைகளை எண்ணிப் பார்த்தபோது கனடாக்காரன் வைத்ததைவிட ஒவ்வொரு பின்கட்டிலும் நாலு பட்டை கூடுதல்.

1953ல் டாரிஃப் கமிஷன், இந்தியாவில் உதிரி பாகங்களைப் படிப்படியாகத் தயாரிக்காமல் பூட்டி மட்டும் விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. நாட்டுக்கு அது நல்லதுதான். அதனால்தான் நம்மில் பாதிப் பேருக்கு எண்ணூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் வேலை கிடைத்தது. ஆனால் பழைய செவர்லேக்காரர்களின் பாடு திண்டாட்டம். ஸ்பேர் வராது, பெட்ரோலோ டீசலைவிட விலை. அந்தச் சமயத்தில் சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின்களைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. பழைய பெட்ரோல் லாரியின் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆறு சிலிண்டர் பெர்க்கின்ஸைப் பூட்டுவது நாடெங்கும் நடந்தது. நம் வண்டியிலும் அதைச் செய்திருந்தார்கள். உள்ளே இடம் போதாமல் என்ஜின் மூடியை வெட்டி, தகரம் வைத்து உயர்த்தி, டிரைவர் சீட்டை ஒரு சாண் தள்ளியிருந்தார்கள். அழகு கிடையாது. ஆனால் வெல்டிங்கைப் பார்த்தேன். நாம் லேபில் போட்ட வெல்டிங்கைவிட ஒழுங்கு. அந்த மாற்றம் இல்லாவிட்டால் வண்டி 1960ஐத் தாண்டியிருக்காது.

நாம் டிகிரி வாங்கிய மறு வருஷம், 1976ல், வண்டி நின்றது. முந்திரித் தோப்பில் ஒரு கொட்டகைக்குள் தள்ளி மூடிவிட்டார்கள். அப்பாவும் காலமாகிவிட்டார். நண்பன் வெளிமாநிலம், நான் வெளிநாடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. தோப்பில் நின்ற மரம் எல்லாம் வேரோடு சாய்ந்தது, கொட்டகையின் கூரை எங்கே போனதென்றே தெரியவில்லை. நடுவில் சப்பை மூக்கோடு லாரி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பழைய இரும்புக்காரன் விலை பேச வந்துவிட்டான். நண்பன் எனக்குப் போன் செய்தான்: "ரிட்டயர் ஆயிட்டு சும்மாதானே இருக்கே, வந்து பாரு." போய்ப் பார்த்தேன். வீட்டில் "ஏங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டது அதற்கு அடுத்த வாரம்.

இது ஒன்றும் உலகத்தில் நாங்கள் மட்டும் செய்யும் கிறுக்கல்ல. ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரைக்குப் போனால், ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் தாங்கள் புதுப்பித்த போர்க்கால வண்டிகளை ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். நம் நாட்டில் பழைய ராணுவ வண்டி என்றால் டாங்கிதான். 1994ல் தொடங்கிய அகமத்நகர் டாங்கி மியூசியம் புகழ் பெற்றது. லாரியை யார் சீந்துகிறார்கள்? பர்மாவில் இந்தச் செவர்லேக்களை மரக்கூண்டு பஸ்ஸாக்கி ரங்கூன் தெருக்களில் இரண்டாயிரத்துக்குப் பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை.

எங்கள் திட்டம் எளிமையானது: 1944ல் இருந்தது போல ஆக்குவது. நீலம் போய்ப் பச்சை, மரப்பாடி போய்க் கித்தான், பெர்க்கின்ஸ் போய் 216 பெட்ரோல் என்ஜின். 216 கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. புதுப்பேட்டையில் ஒரு பழைய செவர்லே காரிலிருந்து கழற்றியது. இந்த என்ஜினில் இன்று போல மாற்றிப் போடும் ஷெல் பேரிங் கிடையாது. கனெக்டிங் ராடிலேயே ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி, கடைந்து, நீலம் தடவிச் சுற்றிப் பார்த்து, படும் இடத்தைச் சுரண்டி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். முதுநகரில் படகு என்ஜின் பார்க்கும் ஒரு பாய் மட்டும் "எங்க வாப்பா செஞ்சு பாத்திருக்கேன் சார்" என்றார். பார்த்ததை வைத்தே செய்து முடித்தார். ராடின் நுனியில் சின்னக் கரண்டி போல ஒன்று எண்ணெயை வாரி அடிக்கும். அதுதான் உயவு முறை. முதல் முறை ஸ்டாண்டில் வைத்து ஓட்டியபோது ஆயில் பிரஷர் 14 பவுண்டுக்கு மேல் ஏறவில்லை என்று நான் பதறி அணைத்தேன். மானுவலைப் புரட்டினால் அதுதான் சரியான அளவாம்! ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இனி எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

பெயிண்டைச் சுரண்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இடது கதவில் தொடங்கினேன். காஸ்டிக் தடவி, கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து இரண்டே நாளில் வெள்ளை இரும்பாக்கிவிட்டேன். கேபினின் முகமும் முடிந்தது. நாலாம் நாள் வலது கதவு. காஸ்டிக் தீர்ந்துபோனதால் தண்ணீரும் நைசான உப்புத்தாளும் வைத்து மெதுவாகத் தேய்த்தேன். மேல் நீலத்துக்கு அடியில் இன்னொரு நீலம். அதில் மஞ்சள் எழுத்து. முதலில் 'ணை' என்று ஒரு எழுத்து. பிறகு முழுதும் வந்தது: 'தில்லையம்மன் துணை'. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'பப்ளிக் கேரியர்', 1939 மோட்டார் சட்டப்படி வாடகைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி தாங்கிய பெயர். 1988 சட்டத்தில் அந்தப் பிரிவே போய்விட்டது. கடைசி வரியில் 'கடலூர் முதுநகர்'. எழுத்து ஓரங்களில் கை நடுக்கம் தெரிந்தது. பெயிண்டர் எழுதியதல்ல.

நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "அப்பா கையெழுத்து" என்றான். பிறகு மெதுவாக, "அந்தப் பக்கம் என்னடா எழுதியிருந்தது?" என்று கேட்டான்.

நான் என்ன சொல்வேன்? அந்தப் பக்கம் இப்போது இரும்புதான் இருந்தது. சுரண்டுமுன் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

அன்று மாலை தோப்பில் உட்கார்ந்து வாக்குவாதம். நான் திட்டத்தை விடவில்லை. வெறும் நீல லாரியாக நிறுத்தினால் அது பழைய லாரி, அவ்வளவுதான். பர்மாவும் இம்பாலும் யாருக்குத் தெரியும், உன் அப்பா அங்கே ஓட்டியது யாருக்குத் தெரியும் என்றேன். அவன் சொன்னது: "யுத்தத்துல இது ஓடினது மிஞ்சிப் போனா மூணு வருஷம். எங்கப்பா கையில இருபத்தெட்டு வருஷம். இதுல ஓடின காசுலதான்டா நான் உன்னோட ஹாஸ்டல்ல இருந்தேன். எதைடா நீ ஒரிஜினல்ங்கற?" பாய் நடுவில் வந்து, "சார், பெர்க்கின்ஸ் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறதை எதுக்குக் கழட்டணும்?" என்றார். மெக்கானிக் வாதத்துக்கு இன்ஜினியரிடம் பதில் இருந்ததே கிடையாது.

ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் வண்டி இரண்டும் கெட்டான். நான் இரும்பாக்கிவிட்ட முகத்துக்கும் இடது கதவுக்கும் ஏதாவது பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். அவை ராணுவப் பச்சை. வலது கதவு நீலம், எழுத்தோடு, மேலே தெளிந்த வார்னிஷ் மட்டும். பின்னால் மரப்பாடி. உள்ளே பெர்க்கின்ஸ். பாய் உயிர் கொடுத்த 216 தனி ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிறது. ஹேண்டில் போட்டால் இரண்டாம் சுற்றில் பிடிக்கும். விஷயம் தெரிந்த வெளிநாட்டு நண்பர் ஒருவர் போட்டோ பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டீர்களா என்று எழுதினார். செய்தது சரிதானா என்று எனக்கும் சில நாள் தோன்றுகிறது. இடது கதவைப் பார்க்கும்போது தோன்றுவது வேறு.

சாலையில் ஓட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 'விஏ' என்ற எழுத்தோடு நம்பர், கட்டணம் 20,000 ரூபாய். ஆவலாகப் படித்தேன். இரு சக்கர வண்டிகளுக்கும் பயணிகள் காருக்கும்தான் விதி. சரக்கு லாரிக்கு இல்லை. இருந்தாலும், சேஸிஸிலோ என்ஜினிலோ பாடியிலோ மாற்றம் இல்லாத அசல் நிலையில் வண்டி இருக்க வேண்டுமாம். இருபத்தெட்டு வருஷம் உழைத்துப் பிழைத்த லாரி இந்த நாட்டில் அப்படி எங்கே இருக்கும்? எனவே எங்கள் வண்டி தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பனின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு ரவுண்டு.

நம் பொறியியல் கல்லூரி அண்ணாமலைநகரில் தொடங்கியது போர் முடிந்த அதே 1945ல். அதனால் சந்திப்பு நாளன்று ஒர்க் ஷாப் பக்கம் வண்டியை நிறுத்தலாம் என்று நண்பர்கள் விரும்பினார்கள். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். காலை பத்து மணிக்கு 216ஐ ஸ்டார்ட் செய்வோம். ஹேண்டில் போட ஆசைப்படுகிறவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடியுங்கள். உதைத்தால் மணிக்கட்டு போகும். எல்லோரும் ஏறலாம், உட்காரலாம், ஹார்ன் அடிக்கலாம். சக்கரத்தில் மட்டும் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கும். சிவப்பு பெயிண்ட் அடித்தவை ரிம்மின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை. உள்ளே காற்று இருக்கும்போது அவற்றைக் கழற்றினால் ரிம் வெடித்து ஆளை அடித்துவிடும். நம் பேட்ச் ஆட்களின் கை சும்மா இருக்காது என்பதால் சொல்கிறேன்: சிவப்பு நட்டில் யாரும் ஸ்பானர் வைக்காதீர்கள்.